வேரில் மணக்கும் காடு

என் சித்தப்பா பிள்ளை ஒருவன் பின்லாந்து தேசத்தில் உத்தியோகம் பார்க்கிறான். கார்த்திகை மாதக் கடைசியில் விடுமுறைக்கு வந்தவன், மற்றவர்களைப் போல் மிட்டாய்ப் பெட்டி கொண்டுவராமல் கையடக்கமான ஒரு புட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே தேன் நிறத்தில் ஏதோ பாகு. "மரத்துக் கொழுந்தைக் காய்ச்சி எடுத்தது, பெரியம்மா. அந்த ஊர்லே இதைப் பலகாரத்து மேலே ஊத்திச் சாப்பிடுவாங்க" என்று என் தாயாரிடம் நீட்டினான்.

அம்மா மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். வீட்டில் எல்லோரும் தீர்ப்புக்காகக் காத்திருந்தோம்.

"எலுமிச்சம்பழ வாசனை இருக்கு. கூடவே பீரோவுக்கு அடிக்கிற வார்னிஷ் வாசனையும் இருக்கு. மோசமில்லே" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாசனைன்னதும் ஞாபகம் வருது. மாகாளி வந்திருக்குமே! குன்றத்தூர்ப் பக்கம் போனா பார்த்து வாங்கிண்டு வா. நன்னாரி வேர் கிடைச்சா அதுவும் ஒரு கட்டு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு விஷயம் கிடைக்காமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தாயார் மூலமாகவே உத்தரவு வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கொழுந்துக்குக் கேட்க வேண்டிய அனுமதி

புறப்படுவதற்கு முன் அந்தப் புட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்ப்ரூஸ் என்பது கூம்பு வடிவில் ஓங்கி வளரும் ஊசியிலை மரம். வட ஐரோப்பாவிலும் கானடாவிலும் மைல் கணக்கில் நிற்கும் காடுகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் தேசத்தில் இதன் உறவினர்களைப் பார்க்க வேண்டுமானால் இமயமலைக்குத்தான் போகவேண்டும். பனி உருகி வசந்தம் பிறந்ததும், மே, ஜூன் மாதங்களில், கரும்பச்சைக் கிளைகளின் நுனியில் இளம்பச்சைக் கொழுந்துகள் குஞ்சம் கட்டினாற்போல் எட்டிப் பார்க்கும். சில வாரங்களுக்கு மட்டுமே அவை மெத்தென்றும் புளிப்பாகவும் இருக்கும். பறித்து, நீரில் வேகவைத்து, வடித்து, சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் பாகு தயார்.

ஊசியிலையைத் தின்னும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1535-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் ழாக் கார்ட்டியே என்ற பிரெஞ்சு மாலுமி, இன்று க்வெபெக் நகரம் இருக்கும் இடத்தில் கப்பல்களோடு பனிக்கட்டியில் அகப்பட்டுக்கொண்டார். ஈறு வீங்கிப் பல் உதிரும் ஸ்கர்வி நோயில் அவருடைய ஆட்களில் 25 பேர் மாண்டுபோனார்கள். அப்போது அந்நாட்டுப் பூர்வகுடி மக்கள், ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்லிக் கொடுத்து மிச்சப் பேரைப் பிழைக்க வைத்தார்கள். அது எந்த ஊசியிலை மரம் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் தகராறு தீரவில்லை. பிழைத்தவர்கள் பெயர் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் நிலையில் இல்லை போலும்!

என் தம்பி சொன்ன இன்னொரு செய்திதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பின்லாந்தில் யாரும் எந்தக் காட்டிலும் நடக்கலாம். அந்நியர் நிலமாக இருந்தாலும் காட்டுப் பழமும் காளானும் பறித்துக்கொள்ளலாம். தடையில்லை. ஆனால் ஸ்ப்ரூஸ் கொழுந்தைக் கிள்ள வேண்டுமானால் மட்டும் நிலத்துக்காரருடைய அனுமதி வேண்டும். ஏனென்றால் பழத்தைப் பறித்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. கொழுந்தைக் கிள்ளினால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். நுனிக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், வேரையே தோண்டிச் சாப்பிடும் நாம் யாரைக் கேட்கிறோம்? பஸ்ஸில் உட்கார்ந்தபோது இந்த எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சேக்கிழார் பிறந்த ஊர்

பல்லாவரத்தில் இறங்கி வேறு பஸ் மாறினேன். குன்றத்தூர் என்ற பெயரை இன்று கேட்பவர்களுக்கு அடுக்குமாடி வீடுகளும் மனை விளம்பரங்களும் ஞாபகம் வரலாம். ஊரின் நடுவே 84 படிகள் ஏறிப் போனால் முருகன் கோயில் கொண்ட சிறு குன்று. மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி: 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய ஏரி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதன் பெயரைத் தெரியாத சென்னைவாசி கிடையாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்த ஊரில் பிறந்த சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்க சோழனுக்கு அமைச்சராக இருந்தவர். பெரிய புராணத்தில் அவர் கண்ணப்பர் கதையைச் சொல்லும்போது, வேடர் வீட்டு விருந்தையும், வேட்டையாடிய இறைச்சியைத் தீயில் பதமாக வாட்டி, தேன் கலந்து, தானே சுவைத்துப் பார்த்துப் படைத்த பக்குவத்தையும் பரிவோடு வர்ணிக்கிறார். காட்டுச் சமையலில் இவ்வளவு ருசி கண்ட மந்திரி வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. குன்றத்தூரைச் சுற்றி அந்நாளில் புதர்க்காடு அடர்ந்திருக்கும். பார்க்காத காட்டையா அவர் எழுதியிருப்பார்?

அந்தக் காட்டின் மிச்சம் இன்றும் துண்டு துண்டாக இருக்கிறது. இதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள் தாவர நூலார். பெயரிலேயே ஒரு முரண் தெரிகிறதல்லவா? ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவ மழையை நம்பி ஆண்டு முழுவதும் தாக்குப் பிடிக்க வேண்டும். ஆனாலும் இலை உதிர்க்காது. இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போன்றவை. மரங்கள் ஆகாயத்தைத் தொடுவதில்லை. களா, காரை, சூரை, காசான், சிற்றீச்சம் எல்லாம் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, உள்ளே நுழைபவன் வேட்டியைப் பதம் பார்க்கும். பார்வைக்கு வெறும் முட்புதர்தான். மனை விற்பவர்கள் அதை "காலி இடம்" என்று சொல்லுவதில் ஆச்சரியம் இல்லை.

காலியா அந்த இடம்?

அந்தக் காலி இடத்தில் மாதாமாதம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கிறது. மரத்தடியில் இரவில் பழைய வேட்டியை விரித்து வைத்துவிட்டுக் காலையில் சுருட்டி எடுத்தால் ஒரு வருஷத்து ரசத்துக்கும் பச்சடிக்கும் பூ கிடைத்துவிடும். களாச்செடி மல்லிகையைப் போல் வெள்ளையாகப் பூத்து, வைகாசி, ஆனியில் காய்க்கும். காயைப் பறித்தால் பால் கையில் ஒட்டும். கடுகும் மிளகாயும் சேர்த்து ஊறுகாய் போட்டால் எலுமிச்சங்காய் அதன் முன் நிற்காது. கனிந்து கறுத்த களாப்பழத்தைத் தின்ற பிள்ளைகள் நாக்கைக் காட்டாமலே அகப்பட்டுக்கொள்ளுவார்கள், உதடு சொல்லிவிடும். ஆடியில் நாவல், ஆவணியில் பனம்பழம். முதல் மழைக்கு மறுநாள் மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். அதைப் பிடித்து, சிறகு நீக்கி, அரிசியோடு வறுத்துத் தின்பது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். முகம் சுளிக்காதீர்கள். வறுத்த ஈசலின் மணம் நல்ல நிலக்கடலைக்குச் சமானம்.

தை பிறந்தால் பனங்கிழங்கு. இலந்தையும் பழுக்கத் தொடங்கிவிடும். வெல்லம், மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்து இடித்து வெயிலில் காய வைத்த இலந்தை அடையைப் பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்னாதவர் இந்த ஜில்லாவில் உண்டா? வேலியோரத்துப் பிரண்டைக்கு மாதக் கணக்கே இல்லை. நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைக்க வேண்டும். அவசரப்பட்டால் தொண்டை அரிக்கும். ஏரித்தண்ணீர் கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துவிட்டால் மண் அடியில் படிந்துவிடும். அந்தத் தேற்றா மரமும் இந்தக் காட்டுப் பிரஜைதான்.

மனைக்கற்களுக்கு நடுவே

ஊரைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கமாக நடந்தேன். வெண்மையாகச் சுண்ணாம்பு அடித்த மனைக்கற்கள், நம்பர் எழுதி, வரிசையாக நட்டிருந்தார்கள். கற்களுக்கு நடுவே இன்னும் வெட்டப்படாத புதர்கள். அங்கே ஒரு மூதாட்டி குந்தி உட்கார்ந்து, முனை தட்டையான இரும்புக் கம்பியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். இருளர் குலத்தவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"என்ன பாட்டி தோண்டறீங்க?"

"நன்னாரி சார். மழை வுட்டு நாளு ஆவல. மண்ணு மெத்துனு கீது. இப்பதான் வேரு அறுபடாம வரும்."

ஒரு கொடியைத் தூக்கிக் காட்டினாள். மெல்லிய கொடி, குச்சிகுச்சியான இலை, நடு நரம்போரம் வெள்ளைக்கோடு. அதைப் பார்த்தால் யாருக்கும் மதிப்பு வராது. அதன் கீழே மண்ணை விரலால் விலக்கி, பழுப்பு நிறத்தில் கயிறுபோல் ஓடிய வேரை ஒரு முழ நீளத்துக்கு நிதானமாக உருவி எடுத்தாள். மண் வாசனையோடு அந்த மணம் எழுந்ததும் எனக்குக் கோடைகாலச் சர்பத் கடை கண்முன் வந்தது.

பாட்டி செய்த அடுத்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வேரை ஒடித்து, கொடியோடு ஒட்டியிருந்த நாலு விரல்கடைத் துண்டைத் திரும்பக் குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்தாள்.

"அது எதுக்கு?"

"மறுக்கா தழையணும்ல?"

நான் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்துக் கல்லில் '47' என்று எழுதியிருந்தது. "இங்கேதான் வீடு வரப்போகுதே, பாட்டி?"

"வரும் சார். அடுத்த மழைக்குள்ளாற வந்துடும். எங்க ஆயா அப்படி வைக்கும், நானும் வைக்கறேன். கை அப்படியே பழகிப்போச்சு."

இதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றேன். நன்னாரி வேர்த்துண்டிலிருந்து முளைக்கும் என்பதைத் தோட்டக்கலைக்காரர்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். இவள் புத்தகம் பார்த்தவள் அல்ல. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவன் செங்கல் சூளையில், ஒருவன் அரிசி ஆலையில். பேரனுக்கு நன்னாரிக் கொடியைக் காட்டிக் கொடுத்தால் தெரியுமா என்றேன். "கட செவுத்துல படம் இருந்தா தெரியும்" என்று சிரித்தாள்.

இருளர்கள் தமிழ்நாட்டின் ஆறு மிக நலிந்த பழங்குடியினரில் ஒருவர். செங்கல்பட்டு வட்டாரத்தில் ஒரு காலத்தில் இவர்கள் பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில வருஷங்களில் தோல் வியாபாரமும் நின்றது. அப்போது 1978-ல் ராமுலஸ் விட்டேகர் முயற்சியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பிடித்த பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் மூலப்பொருள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில் இருளர் பெண்கள் சங்கம் ஒன்று 1980-களிலிருந்து மூலிகைத் தோட்டம் நடத்தி வருகிறது. ஆக, இந்த மக்களின் அறிவுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாம்புக்குக் கிடைத்த சங்கம் நன்னாரிக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் சிறு விளைபொருள் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடியினருக்கு உறுதி செய்தது. ஆனால் சட்டம் பேசுவது காட்டைப் பற்றி. நம்பர் போட்ட மனையில் முளைத்த கொடியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டியிடம் ஒரு கட்டு வேர் வாங்கினேன். கேட்ட விலைக்கு மேல் கொடுத்தபோது வாங்க மறுத்து, பதிலுக்கு இன்னொரு சிறு துண்டைக் கொடியோடு பிடுங்கி ஈரமண்ணில் பொதிந்து தந்தாள். "தொட்டியில வை சார். வெயிலு படணும். தண்ணி ரொம்ப ஊத்தாத."

மூட்டைப்பூச்சி ஊறுகாய்

மாகாளிக்கு மார்க்கெட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. அது இந்த ஊர்ச் சரக்கு அல்ல. கிழக்குத்தொடர்ச்சி மலைகளின் பாறைச் சரிவுகளில், திருப்பதி மலை, ஜவ்வாது மலைப் பக்கங்களில் வளரும் கொடி. நன்னாரிக்கு ஒன்றுவிட்ட சகோதரி எனலாம். நன்னாரி வேர் கயிறு என்றால் இது விரல் தடிமனில், சில சமயம் மணிக்கட்டுத் தடிமனில், கொத்துக் கொத்தாகக் கிடக்கும் சதைப்பற்றுள்ள வேர். ஊர் வழக்கில் கிழங்கு என்கிறோம்.

மாகாளி ஊறுகாயைப் பற்றி உலகம் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது அமிர்தம். மறு கட்சி மூட்டைப்பூச்சி நாற்றம் என்று சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடிவிடும். நடுநிலைமை வகிப்பவரை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் முதல் கட்சி. என் மனைவி எதிர்க்கட்சித் தலைவி.

விஞ்ஞானிகள் சொல்வது வேடிக்கையாக இருக்கிறது. நன்னாரிக்கும் மாகாளிக்கும் மணம் தருவது ஒரே பொருள். ஐஸ்கிரீமில் போடுகிற வனிலாவின் மணப்பொருளுக்கு அது உடன்பிறப்பு. இரண்டிலும் அணுக்கள் அதே எண்ணிக்கைதான், அடுக்கியிருக்கும் முறை மட்டும் வேறு. அந்தச் சிறு மாற்றத்தில் வனிலாவைக் கொஞ்சும் மூக்கு மாகாளியைக் கண்டு மூட்டைப்பூச்சி என்கிறது!

மார்க்கெட்டில் குவித்து வைத்திருந்தவர், "இந்த வருஷம் மலையிலேருந்து வரத்து கம்மி" என்றார். விலைக்குக் காரணம் சொல்வது வியாபாரிகளின் வழக்கம் என்று தள்ளிவிட்டிருப்பேன். ஆனால் அவர் வேரைக் காட்டினார்: எல்லாம் சுண்டுவிரல் பருமன். "முன்னெல்லாம் இப்படி இளசைத் தோண்ட மாட்டாங்க, சார். பெரிசு கிடைக்கலே." அழியும் ஆபத்துள்ள செடிகளின் உலகப் பட்டியலில் மாகாளியும் சேர்ந்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, தராசே அவருக்குச் சொல்லியிருக்கிறது. ஊறுகாய்க்கு மட்டுமல்ல, ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் நன்னாரி சர்பத் என்ற பெயரில் விற்பதற்கும் மருந்துச் சரக்குக்கும் இதே வேர் மூட்டை மூட்டையாகப் போகிறது. கொடியை வேரோடு எடுத்தால் அந்த இடத்தில் அடுத்த வருஷம் எடுக்க ஒன்றும் இராது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் திசு வளர்ப்பு முறையில் மாகாளிக் கன்றுகளை உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள். பருத்தியும் கரும்பும்போல அது வயலுக்கு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மார்க்கெட்டுக்கு இன்னும் மலைதான் படி அளக்கிறது.

அரைக் கிலோ வாங்கினேன். ஒரு கிலோ வாங்கத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாம்பரம் வழியாகத் திரும்பினேன். இரயில் பாதைக்குக் கிழக்கே சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி இருக்கிறது. 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து அந்தக் கல்லூரி இங்கே குடிபெயர்ந்தபோது, சேலையூர்ப் பக்கத்துப் புதர்க்காட்டில் முந்நூற்றைம்பது ஏக்கருக்கு மேல் அதன் வசம் வந்தது. வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அந்த முட்காட்டை வெட்டித் தள்ளாமல், செடிகளுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்படுத்தினார். வேதியியல்காரருக்குச் செடியில் என்ன வேலை என்று அந்நாளில் கேட்டிருப்பார்கள். இன்று மதிற்சுவருக்கு வெளியே கட்டடங்கள். உள்ளே களாவும் காசானும் அடர்ந்து நிற்கின்றன. வண்டலூர்க் காப்புக்காடு, நன்மங்கலம், கிண்டி என்று இன்னும் சில துண்டுகள் தப்பியிருக்கின்றன. எல்லாம் வேலி போட்டவை. வேலி போடாத இடத்தில் மனைக்கல்தான்.

ஜாடி

அம்மா மாகாளியை முதலில் தண்ணீரில் ஊறப் போட்டாள். மண் கரைந்த பிறகு தேய்த்துக் கழுவித் தோலைச் சுரண்டினாள். நீளவாக்கில் பிளந்து நடுவில் இருக்கும் நாரை உருவி எறிந்தாள். இதை எடுக்காவிட்டால் ஊறுகாய் மரத்துண்டுபோல் கடிபடும். மெல்லிய துண்டாக நறுக்கி, எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் போட்டுப் புரட்டி வைத்தாள். பிறகு மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, மஞ்சள், கடைசியில் கெட்டியான புளித்த தயிர். கல் ஜாடியில் போட்டு வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, "தினம் ஒரு தரம் மரக்கரண்டியாலே கிளறணும். ஈரக்கை படக்கூடாது" என்று எச்சரித்தாள். எச்சரிக்கை எனக்குத்தான்.

நன்னாரியைத் தட்டி, நடுக்கட்டையை நீக்கி, பட்டையை மட்டும் வெயிலில் உலர்த்தியிருக்கிறாள். சித்திரையில் வெந்நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, சர்க்கரைப் பாகில் சேர்த்து வைத்துக்கொண்டால் எலுமிச்சம்பழம் பிழிந்து சர்பத்துக்கு ஆகும். ஊருக்குத் திரும்பும் தம்பி ஒரு புட்டி கேட்டிருக்கிறான். அந்த நாட்டு நண்பர்களுக்குக் கொடுத்து, அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமாம்.

அந்த வேர்த்துண்டை மொட்டைமாடியில் தொட்டியில் வைத்தேன். பாட்டி சொன்னபடி வெயில் படுகிறது; தண்ணீரும் அளவாகத்தான் விடுகிறேன். இருபது நாளாயிற்று. இருந்த இரண்டு இலையும் உதிர்ந்துவிட்டன. நேற்றுக் காலை என் மனைவி மாடியிலிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். மண்ணை ஒட்டிக் கடுகளவில் சிவப்பாக ஏதோ தெரிகிறது. முளைதானா, அல்லது அம்மா கடுகு புடைத்தபோது தெறித்ததா என்று இன்னும் நிச்சயமாகவில்லை.